இரண்டாவது தோட்டா

கர்ஹு ஏரி, மிச்சிகன்
1958 ஆகஸ்ட் 10

அன்புள்ள ஒன்னிக்கு சைமா அண்ணி எழுதிக்கொண்டது.

முழங்கால் ஒன்றைத் தவிர மற்றபடி சௌக்கியம். உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? அந்த வறட்டுக் காற்று ஒத்துக்கொள்கிறதா? அரிசோனாவில் மழை என்பதே கிடையாது என்று எழுதியிருந்தாய். இங்கே மூன்று வாரமாக விட்டபாடில்லை. உருளைக்கிழங்கு அழுகாமல் கைக்கு வந்தால் சரி.

உன் அண்ணன் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. உன் அட்டை ஏப்ரலில் வந்தது. பனியில் ரயில் நின்றுபோனதால் வர முடியவில்லை என்று எழுதியிருந்தாய். நம்பினேன் என்று வைத்துக்கொள். அதைப் பேச இந்தக் கடிதம் இல்லை. எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

ஜூலையில் எல்மா மில்வாக்கியிலிருந்து வந்து நான்கு நாள் இருந்தாள். நான்கு நாளும் ஒரே பாட்டு. "ஏம்மா, இந்தக் காட்டுல தனியா உக்காந்து என்ன பண்ணப்போற? கரடிக்குக் காபி போட்டுக் குடுக்கவா?" என்றாள். "கரடி உன் புருஷன விட மரியாதையா குடிக்கும்டி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டு அவளோடு வந்துவிட வேண்டுமாம். மாடியில் ஒரு அறை ஒழித்துத் தருவாளாம். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். போய்ப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். நவம்பர் முப்பதோடு மான் பருவம் முடிகிறது. அதற்குள் அவள் அப்பாவின் துப்பாக்கியால் நானே ஒரு மான் அடித்து முற்றத்து மேப்பிள் மரத்தில் தொங்கவிட்டால், குளிர்காலத்துக்குக் கறிக்கு வழி செய்துகொண்டவள் என்று ஒப்புக்கொண்டு அவள் வாயை மூடிக்கொள்வாள். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் புருஷன் லாரியோடு வருவான்.

சுடுவது எனக்குப் பெரிய விஷயமில்லை. துப்பாக்கிதான் சண்டி பண்ணுகிறது. உனக்குத் தெரியாததா? ஒன்று வெடித்த பிறகு லீவரை இறக்கினால் காலித் தோட்டா வெளியே குதிக்கிறது. அடுத்தது அடியிலுள்ள தோட்டாக் குழாயிலிருந்து வந்து, அதை மேலே ஏற்றிவிடுகிற தூக்குத்தட்டின் மேல் உட்காருகிறது. அதோடு நிற்காமல் அதற்கும் அடுத்ததும் பின்னாலேயே நழுவி வந்து தட்டுக்கு அடியில் மூக்கை நுழைத்துக்கொள்கிறது. பிறகு லீவர் மேலேயும் வராது, கீழேயும் போகாது. பேனாக்கத்தியை விட்டு நெம்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தத் துப்பாக்கியை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினீர்கள். அதன் குடல் வரைக்கும் தெரிந்தவன் இப்போது நீ ஒருத்தன்தான். நகரத்துக் கடைக்காரனிடம் கொடுக்க மனசு வரவில்லை. அவரும் கொடுத்ததில்லை. எங்கே கை வைக்க வேண்டும் என்று எழுது. என் கைகள் நன்றாகவே இருக்கின்றன.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறன்று கோயிலில் உன் பெயரையும் சொல்லித்தான் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணி சைமா


சான் ரஃபேல், அரிசோனா
1958 செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

கடவுள் கிருபையில் இருமல் குறைந்திருக்கிறது. உங்கள் முழங்காலுக்குச் சௌனா குளியலறை ஆவியில் சூடு கொடுங்கள், வாரம் ஒரு தடவை போதாது. பதில் தாமதமாகிவிட்டது, சுரங்கத்தில் ஷிப்ட் மாற்றினார்கள்.

துப்பாக்கி விஷயம். அநேகமாகக் குழாயில் அழுக்காக இருக்கும். முனையில் உள்ள சின்னத் திருகைக் கழற்றினால் மூடி வரும், பின்னாலேயே ஸ்பிரிங் பாயும், கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குச்சியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்து உள்ளே துடையுங்கள். பழைய எண்ணெயும் பைன் பிசினும் சேர்ந்து கோந்து மாதிரி ஆகியிருக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஒரு சாண் இழுத்துவிடுங்கள். இதிலேயே சரியாகிவிடும்.

உள்ளே இருக்கிற சாமான்களைப் பிரிக்க வேண்டாம். திரும்ப மாட்டுவது கஷ்டம்.

எல்மா சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்னி


கர்ஹு ஏரி
1958 செப்டம்பர் 9

அன்புள்ள ஒன்னிக்கு,

அண்ணி நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தைப் படிப்பதற்குள் என் கண்ணாடி அழுக்கோ என்று இரண்டு முறை துடைத்துவிட்டேன். இடது கையால் எழுதி எழுதிய மையையெல்லாம் புறங்கையாலேயே தேய்த்து அனுப்பியிருக்கிறாய். ஐம்பத்திரண்டு வயதிலும் மாறவில்லை.

நீ சொன்னபடி குழாயைக் கழற்றினேன். ஸ்பிரிங் பாய்ந்து அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது. நல்லவேளையாக நீ எச்சரித்தாய். குழாயிலிருந்து பிசின் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. உன் அண்ணன் எதையும் அழுக்காக வைத்திருக்கிற ஆளா? ஸ்பிரிங்கை ஒரு சாணுக்கு மேலேயே இழுத்துவிட்டேன். இப்போது முன்னைவிட வேகமாக வந்து சிக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான் கண்ட பலன்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தபோது அவர் ஞாபகமாகவே இருந்தது. 1956 பருவம் முழுக்கச் சிக்கிச் சிக்கி அவர் மானம் போனதே, அந்தக் குளிர்காலம் இதே மேஜையில்தானே கழிந்தது. நீ உருளைக்கிழங்கு வயலைத் தாண்டி தினம் சாயந்திரம் காபிக்கு வருவாய். அவர் பிரித்துப் போட்டுக்கொண்டு தடவித் தடவி மாட்டுவார். நீ வாயே திறக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். "இவனாச்சும் ஒரு கை பிடிக்கலாமில்ல" என்று எனக்கு உன் மேல் எரிச்சல் வரும்.

டிசம்பரில் ஒரு நாள் நடந்தது இன்னும் விளங்கவில்லை. சதுப்புக்குப் போய் வேலிக்குச் சிடார் கம்பம் வெட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு நீ வரவில்லை. வந்ததும் துப்பாக்கியைப் பிரித்தார். ஒரு சாமானைக் கட்டை விரல் நகத்தால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திடீரென்று ஒரு சிரிப்பு. "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல சைமா, இந்தத் துப்பாக்கிக்கு என்ன விட புத்தி ஜாஸ்தி" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு இரண்டு தட்டு மீன் கஞ்சி குடித்தார்.

நீ அடுத்த ஏப்ரலில் ஊரை விட்டுப் போனாய். அதற்குப் பிறகு அவர் அந்தத் துப்பாக்கியைப் பிரிக்கவே இல்லை. ஒரு நாள்கூட. தம்பி போன ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, குழாய் இல்லை, ஸ்பிரிங் இல்லை. அடுத்தது என்ன?

குளிருக்கு முன்னால் உனக்குக் கையுறை பின்னி அனுப்பலாம் என்றால் உன் ஊரில் குளிரே இல்லையாம். யாருக்குப் பின்னுவது என்று தெரியவில்லை.

அண்ணி


சான் ரஃபேல்
1958 செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

தோட்டாக்களைப் பாருங்கள். பழைய பெட்டியில் இருப்பவை என்றால் சில நீளம் குறைந்திருக்கும், ஸ்பிரிங் அழுத்தி அழுத்திக் குண்டு உள்ளே போயிருக்கும். நீளம் மாறினால் தட்டில் சரியாக உட்காராது. புதுப் பெட்டி வாங்குங்கள். தட்டை மூக்குக் குண்டாக இருக்கட்டும். கூர்மூக்கு வேண்டாம், குழாயில் ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிட்டத்தில் குத்தி வெடித்துவிடும்.

அதுவும் சரிப்படாவிட்டால் இன்னொன்று சொல்கிறேன். குழாயைக் காலியாக வையுங்கள். மேல் வாயால் ஒரு தோட்டாவைக் கையாலேயே போட்டு மூடுங்கள். ஒன்று சிக்காது. நிதானமாகச் சுட்டால் மானுக்கு ஒன்று போதும்.

வேறு விசேஷம் இல்லை. இங்கே இன்னும் வெயில்தான்.

ஒன்னி


கர்ஹு ஏரி
1958 அக்டோபர் 3

ஒன்னிக்கு,

நலம். நீ நலமா என்று கேட்பதற்கு முன்னால் உன்னைத் திட்டிவிடுகிறேன்.

கூர்மூக்குத் தோட்டா போடக்கூடாது என்று எனக்குப் பாடம் எடுக்கிறாயா? பதினேழு வயதிலிருந்து இந்த வீட்டில் தோட்டாப் பெட்டி வாங்கி வருகிறவள் நான். 1955இல் நான் ஆசையாகக் கொடுத்தனுப்பிய காபி பிளாஸ்க்கை இரண்டாம் நாளே சதுப்பில் தொலைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றவன் நீ. யாருக்கு யார் புத்தி சொல்வது!

புதுப் பெட்டியும் வாங்கிப் பார்த்தாயிற்று. அதே கதைதான்.

ஒன்று போதும் என்கிறாய். உன் அண்ணனுக்கும் அந்த ஒன்றைத்தான் மிச்சம் வைத்தது இந்தத் துப்பாக்கி. நான்கு தோட்டாவை நான்கு மூச்சில் அனுப்புகிற கை அவருடையது. 1956இல் பருவம் முடிந்ததும் சௌனாவில் நம் பக்கத்துப் பண்ணை ஹர்யு எல்லார் முன்னாலும் என்ன கேட்டான் தெரியுமா? "என்ன ஒத்தத் தோட்டா ரெய்னோ, அடுத்த வருஷமாச்சும் ரெண்டாவதுக்குக் கல்யாணம் ஆகுமா?" அவர் மேல் படியிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்கு வந்தார். முதுகு காயக்கூட இல்லை. அடுத்த வருஷம் காட்டுப் பக்கமே போகவில்லை. நவம்பர் பதினைந்தாம் தேதி ஊரில் ஆம்பிளை என்று பெயருள்ள அத்தனை பேரும் காட்டில். இவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். நீ இருந்திருந்தாலாவது பேச்சுத்துணை இருந்திருக்கும்.

கோபத்தில் நேற்று நீ பிரிக்காதே என்றதையும் பிரித்துவிட்டேன். ஐந்து திருகுதான். அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பழகிவிட்டது. தூக்குத்தட்டு கையில் வந்தது. அதன் பக்கவாட்டில் லீவரின் மூக்கு வந்து உரசுகிற இடம் ஒன்று இருக்கிறது. அது குழிந்திருக்கிறது. அதனால்தான் தட்டு போதுமான உயரம் எழும்பாமல் அடுத்த தோட்டாவை உள்ளே விட்டுவிடுகிறது. சரிதானே?

ஆனால் ஒரு சந்தேகம். என் அடுப்புக் கதவின் தாழ்ப்பாள் முப்பது வருஷமாகத் தேய்ந்து வருகிறது. அது கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது. இந்தக் குழியில் கோடுகள் இருக்கின்றன, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, ஒரே சாய்வில். நகம் தட்டுகிறது.

தேய்மானம் கோடு போடுமா ஒன்னி?

பதில் எழுது. பருவம் தொடங்க இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது.

அண்ணி


கர்ஹு ஏரி
1958 அக்டோபர் 26

அன்புள்ள ஒன்னிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையா? நெஞ்சு வலித்தால் மறைக்காதே, உன் விடுதிக்காரம்மாளைவிட்டு ஒரு வரி எழுதச் சொல். நான் இங்கே சௌக்கியம்.

நேற்று முதல் பனி விழுந்தது, நிற்கவில்லை. எல்மா எனக்கென்று கட்டில் வாங்கிவிட்டாளாம். "மெத்தை ரொம்ப நல்லாருக்கும்மா, நீ வந்து படுத்துப் பாரு" என்று போனில் சொன்னாள். என் கட்டிலுக்கு என்ன கேடு என்று கேட்டேன். பாதி காலியாக இருக்கிறது, அதுதான் கேடு. அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

திட்டியதற்குக் கோபமா? நான் எப்போது உன்னைத் திட்டாமல் இருந்தேன்!

அண்ணி


கர்ஹு ஏரி
1958 நவம்பர் 16

ஒன்னிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

நேற்று பருவம் தொடங்கியது. நீ சொன்னபடி ஒரே ஒரு தோட்டாவைக் கையால் போட்டுக்கொண்டு டாமராக் மரங்களுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். எட்டு மணி சுமாருக்குக் கொம்பு மான் ஒன்று வந்தது. சுட்டேன். மரத்தில் பட்டது. அது பத்தடி தாவி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் பையில் கைவிட்டு அடுத்த தோட்டாவைத் தேடி, கையுறையைக் கழற்றி, பனியில் போட்டு, எடுத்துத் துடைத்து நிமிர்ந்தபோது அங்கே காலடித் தடம்தான் இருந்தது.

இன்னும் இரண்டு வாரம். நீ எழுதுவாய் என்று இனி நான் காத்திருக்கவில்லை. தபால்காரன் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பது பழக்க தோஷம்.

அண்ணி


சான் ரஃபேல்
1958 நவம்பர் 17

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எழுதிய இரண்டு கடிதமும் வந்தன. இது ஆறாவது காகிதம். முந்தைய ஐந்தும் அடுப்பில் போயின. இதையாவது விமானத் தபாலில் போட்டுவிட வேண்டும் என்று முதலிலேயே தொப்பி போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

தேய்மானம் கோடு போடாது. அது அரம் போட்ட கோடு. அரம் பிடித்தது நான்.

1955 பருவத்தின் இரண்டாம் நாள். நான் சதுப்பின் ஓரமாக மானைக் கலைத்துக்கொண்டு வந்தேன், அண்ணன் மேட்டில் நின்றார். முதல் வெடி கேட்டது. மான் என் இடப்பக்கமாகப் பாய்ந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் மானைத் தேடி வரவில்லை, என்னைத் தேடி வந்தன. நான் சிவப்புச் சட்டை போட்டிருந்தேன். தொப்பியும் சிவப்பு. ஐம்பது தப்படிதான் இருக்கும். தொடையில் சுடச்சுட வழிந்தது. ரத்தம் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். தொட்டுப் பார்த்தால் காபி. இடுப்பில் தொங்கிய உங்கள் பிளாஸ்க்கில் ஓட்டை.

அண்ணன் மேலிருந்து கத்தினார். "டேய், விழுந்துச்சா?" என்றார். "இல்லண்ணே, தப்பிச்சிருச்சு" என்றேன். பிளாஸ்க்கை ஒரு வேருக்கடியில் செருகிவிட்டு வந்தேன். உங்களிடம் தொலைந்துவிட்டது என்றேன்.

அவர் கண் எவ்வளவு மோசம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் குண்டை எப்போதும் நிதானமாகத்தான் வைப்பார், கொம்பைப் பார்க்காமல் விடமாட்டார். அடுத்ததெல்லாம் கைப் பழக்கத்தில் போகும், எது அசைகிறதோ அந்தப் பக்கம். "அண்ணே, உங்களுக்குக் கண்ணு போச்சு" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். எங்கள் குடும்பத்தில் அந்த மாதிரி வரிகளுக்கு வாய் கிடையாது, உங்களுக்கே தெரியும். அடுத்த கோடையில் நீங்கள் இரண்டு பேரும் எல்மா வீட்டுக்குப் போயிருந்தபோது தட்டை எடுத்து, லீவர் தொடுகிற இடத்தில் அரத்தை இழுத்தேன். முதல் தோட்டா அவருக்கு இருக்கட்டும், இரண்டாவது வராமல் போகட்டும் என்று நினைத்தேன். யாரும் சாகாமல் இருக்க அது போதும் என்று பட்டது.

அது அவரை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. சாயந்திரம் சாயந்திரம் அந்த மேஜையில் அவர் தடவித் தடவி மாட்டுவதை ஐந்து மாதம் பார்த்தேன். தன் கைதான் கெட்டுவிட்டது என்று அவர் நினைப்பதை எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. நெஞ்சு சரியில்லை, வறண்ட ஊருக்குப் போகச் சொன்னார் டாக்டர் என்று சொன்னதெல்லாம் பொய். எனக்கு நெஞ்சில் ஒன்றும் கிடையாது. மார்ச் மாதம் ரயிலும் நிற்கவில்லை. டிக்கெட் எடுத்து ஸ்டேஷன் வரைக்கும் போனேன். சவப்பெட்டியில் அவர் கையைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று திரும்பிவிட்டேன்.

உங்களைக் குழாய், ஸ்பிரிங், தோட்டா என்று அலைக்கழித்ததும் அதனால்தான். எங்கே கோளாறு என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள்.

சரிசெய்யும் விதம் இது. அண்ணனின் கருவி அலமாரியில், கீழ் இழுப்பறையில், புள்ளி குத்தும் பஞ்ச் இருக்கும். தட்டை ஒரு இரும்பின் மேல் அசையாமல் வைத்து, குழிந்த இடத்தில் நெருக்க நெருக்கமாக ஐந்தாறு புள்ளி அடியுங்கள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் இரும்பு மேடாகும். அந்த மேடு தட்டைப் பழைய உயரத்துக்குத் தூக்கும், அடுத்த தோட்டாவை மறித்து நிறுத்தும். மெதுவாக அடியுங்கள், அடிக்கொருதரம் மாட்டிப் பாருங்கள்.

இனி உங்களுக்கு என் முகத்தில் விழிக்கப் பிடிக்காது. புரிகிறது. மான் கிடைக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்னி


கர்ஹு ஏரி
1958 டிசம்பர் 1

அன்புள்ள ஒன்னிக்கு,

அண்ணி சுகம். உன் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று படித்ததும் முதலில் "கடவுளே, நன்றி" என்றுதான் சொன்னேன். இரண்டு வருஷமாக உன் நுரையீரலுக்காக நான் செய்த ஜெபத்தையெல்லாம் வேறு யாருக்காவது மாற்றிக்கொடுக்கச் சொல்ல வேண்டும். கோபம் அதற்குப் பிறகு வந்தது. நல்ல கோபம். கோப்பை ஒன்று உடைந்தது.

உன் கடிதம் திங்கட்கிழமை, இருபத்து நாலாம் தேதி வந்தது. அன்றைக்கே பஞ்ச்சைத் தேடி அலமாரியைத் திறந்தேன். கீழ் இழுப்பறை பாதியில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஏதோ தடுத்தது. இழுப்பறையையே வெளியே உருவினேன். பின்னால் ஒரு சாக்குச் சுருட்டல்.

அதில் என் பிளாஸ்க் இருந்தது. இந்தப் பக்கம் சின்ன ஓட்டை, அந்தப் பக்கம் பெரிய ஓட்டை. வேர் மண் ஒட்டியிருந்தது.

அதோடு எண்ணெய்த் தாளில் மடித்த ஒரு பொட்டலம். பிரித்தால் புதுத் தூக்குத்தட்டு. ஒரு தடவைகூட மாட்டாதது. தபாலில் வரவழைத்த சீட்டும் இருந்தது, 1957 ஜனவரி ஒன்பது என்று தேதி போட்டு, அவர் பெயருக்கு.

எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். டிசம்பரில் சிடார் கம்பம் வெட்டப் போன இடத்தில் பிளாஸ்க்கைப் பார்த்திருக்கிறார். அன்றைக்குத்தான் தட்டை நகத்தால் தடவிச் சிரித்தது. கோடு சாய்ந்திருக்கிற பக்கத்தைப் பார்த்தால் எனக்கே தெரிகிறது, இடதுகைக்காரன் இழுத்த அரம். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? நீ பிழைத்ததும் தெரிந்தது, நீ செய்ததும் தெரிந்தது. "என்ன விட புத்தி ஜாஸ்தி" என்று உன்னைத்தான் சொல்லியிருக்கிறார்.

உன் மேல் கோபம் இருந்திருந்தால் புதுத் தட்டை மாட்டியிருப்பார். அவருக்கு அது பத்து நிமிஷ வேலை. வாங்கி வைத்துக்கொண்டு மாட்டவில்லை. நீ அரம் போட்ட தட்டோடே இருந்துவிட்டார். ஒற்றைத் தோட்டா என்று ஊர் சிரித்ததையும் வாங்கிக்கொண்டார். பின்னே எதற்காக ஏப்ரல் வரைக்கும் அந்த மேஜையில் பிரித்துப் பிரித்து மாட்டினார்? நான் நான்கு நாள் யோசித்தேன். அது உனக்காக ஒன்னி. விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் நீ கூனிப்போவாய் என்று, ஒன்றும் புரியாதவர் மாதிரி உன் கண் முன்னால் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நீ ஊரை விட்டே போனாய். போன மறுநாளிலிருந்து அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. அப்புறம் யாருக்காகத் தொட வேண்டும்?

உங்கள் இரண்டு பேரில் ஒருத்தனாவது வாயைத் திறந்திருக்கக்கூடாதா? ஒரு வார்த்தை. நான் அங்கேதானே காபி ஊற்றிக்கொண்டு நின்றேன்.

புதுத் தட்டை நானே மாட்டினேன். பஞ்ச் வேலைக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு லீவரை இறக்கி ஏற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஒன்றன்பின் ஒன்றாக மேஜையில் வந்து விழுந்தன. மூன்று வருஷம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கதவைத் திறந்துகொண்டு அவர் வந்துவிடுவார் போல இருந்தது.

மான் கதை உனக்கு வேண்டுமே. சனிக்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி. முதல் குண்டு இந்தத் தடவையும் மரத்துக்குத்தான் போனது. அந்த மரத்தோடு எனக்கு என்ன பகையோ. மான் தாவி, நின்று, திரும்பிப் பார்த்தது. நான் லீவரை இறக்கி ஏற்றினேன். இரண்டாவது சறுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. நன்றாகப் பார்த்தேன். சிவப்புச் சட்டை எதுவும் இல்லை, மான்தான் என்று பார்த்துக்கொண்டுதான் சுட்டேன். அங்கேயே விழுந்தது.

ஹர்யு வந்து மேப்பிளில் ஏற்றிக் கட்டக் கை கொடுத்தான். "யம்மா சைமா, ரெண்டாவதுக்குக் கல்யாணம் ஆயிருச்சு போல!" என்றான். "ஆமாடா, மாப்பிள்ளைய உள்ளூர்லயே வச்சிக்கிட்டு வெளியூர்ல தேடிட்டிருந்தோம்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எல்மாவுக்குப் போன் செய்தேன். மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "கொம்பு எத்தன கெளம்மா?" என்று கேட்டாள். "எட்டு" என்றேன். "அப்பா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள். லாரி வராது.

பழைய தட்டை இந்த உறையில் வைத்திருக்கிறேன். அதை உன் அண்ணன் உனக்காக வைத்திருந்தார். நீதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

உன் முகத்தில் விழிக்கப் பிடிக்காது என்று எழுதியிருக்கிறாய். பேச்சைப் பார். வயலுக்கு அந்தப் பக்கம் உன் வீட்டுக் கூரையில் பனி ஏறிக்கொண்டே இருக்கிறது. என்னால் ஏறித் தள்ள முடியாது. மான் முழுசையும் நான் ஒருத்தி தின்று தீர்க்கவும் முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். பொய் சொல்லாதே.

அண்ணி சைமா


சான் ரஃபேல்
1958 டிசம்பர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே.

தட்டு வந்து சேர்ந்தது. சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். சுரங்கத்தில் கணக்கு முடித்துவிட்டேன். பத்தொன்பதாம் தேதி மத்தியான ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீங்கள் வர வேண்டாம், முழங்காலோடு பனியில் நடக்காதீர்கள். அந்தக் கையுறையை மட்டும் பின்னி வையுங்கள், என்னிடம் ஒன்றுகூட இல்லை.

சனிக்கிழமை சௌனாவுக்கு நான் விறகு போடுகிறேன். மேல் படி அண்ணனுடையது, நான் கீழேயே உட்கார்ந்துகொள்வேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது, ஊரார் எல்லாரும் போன பிறகு என்னைக் கொஞ்ச நேரம் அங்கே தனியாக விடுங்கள். அவரிடம் ஒரு வரி சொல்ல வேண்டும். ரயிலில் நான்கு நாள் இருக்கிறது, சொல்லிப் பழகிக்கொண்டே வருகிறேன்.

உங்கள்
ஒன்னி